ஐயத்தையும் அளக்கும் கணிதம்

வலிப்பு நோயாளியின் தலையில் பொருத்தப்படும் மின்முனைகள் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்கின்றன. மின்முனை, நேரம், அதிர்வெண் என மூன்று திசைகளில் அப்பதிவை அடுக்கினால், எண்களாலான பெட்டி ஒன்று உருவாகும். கணிதத்தில் இதன் பெயர் ‘டென்சர்’. இதனை எளிய கூறுகளின் கூட்டலாக எழுதும் வழியை 1927இல் பிராங்க் ஹிட்ச்காக் முன்வைத்தார். ஒரு கூறு வலிப்பின் தடமாக இருக்கலாம்; இன்னொன்று வெறும் கண்சிமிட்டலாக இருக்கலாம்.

கூறுகள் எத்தனை என்பதே சிக்கல். அந்த எண்ணிக்கையைத் துல்லியமாகக் கணிப்பது, பொதுவாகக் கணினிக்கும் மிகக் கடினம் என்று 1990இல் யோஹான் ஹோஸ்டாட் நிறுவினார். வழக்கமான முறைகளில் ஆய்வாளரே அதை முன்கூட்டித் தீர்மானிக்கிறார். மிகையாக வைத்தால் இரைச்சலும் நோயின் அடையாளமாகத் தோன்றிவிடும்.

நிகழ்தகவு முறையோ ஒவ்வொரு மதிப்பையும் ஒற்றை எண்ணாகக் கொள்ளாமல், சாத்தியங்களின் பரவலாகக் கொள்கிறது. தரவின் ஆதரவில்லாத கூறுகள் சுருங்கி மறைகின்றன. எஞ்சியவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் அளவாகக் கிடைக்கிறது. அந்த அளவும் நம் முன்அனுமானங்களைச் சார்ந்ததே. எனினும், அவை இங்கே வெளிப்படையாக எழுதப்படுகின்றன.

மூளையின் எந்தப் பகுதியை அகற்றுவது என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆகவே, ‘இவ்விடம்’ என்று சுட்டும் எந்த மென்பொருளும் ‘இவ்வளவு உறுதியுடன்’ என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.