கடலில் கலக்கிற தண்ணி வீணா? பிச்சாவரத்துக்கு ஒரு கணக்கு

(ஒலிப்பதிவை எழுத்தாக்கி, கொஞ்சம் சுருக்கியது.)

மேட்டூர் நிரம்புற வருஷங்கள்ல டிவியில ஒரு வரி ஓடும், கவனிச்சிருப்பீங்க: "கொள்ளிடத்தில் உபரிநீர், வீணாகக் கடலில் கலக்கிறது." நான் சிதம்பரத்துக்காரன். அந்த வரியைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். எங்க வீட்ல எல்லாரும் அதைக் கேட்டுட்டு ஒரு "ப்ச்" போடுவாங்க, நானும் போடுவேன். இன்னிக்கு எபிசோட் அந்த "வீணாக"ங்கிற வார்த்தையைப் பத்தி.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்குவோம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்குல வெள்ளாறு பரங்கிப்பேட்டைகிட்ட கடல்ல சேருது. தெற்குல கொள்ளிடம் சேருது. இந்த ரெண்டு கழிமுகத்துக்கும் நடுவுல, சுமார் 1,100 ஹெக்டேர்ல, தீவு தீவா இருக்கிறதுதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது. காட்டுக்குள்ள நல்ல தண்ணி வர்ற முக்கியமான வழி கான்சாகிப் வாய்க்கால். அதாவது வயலுக்குப் பாய்ஞ்சு, வடிஞ்சு, கடைசியா மிச்சம் வர்ற பாசனத் தண்ணி. வரிசையில கடைசி ஆள்.

இந்தக் காட்டுல தில்லைன்னு ஒரு மரம் இருக்கு. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்தது அந்த மரத்தாலதான், நடராஜர் கோயிலோட தல விருட்சமும் அதுதான். சும்மா ஊர்ப் பெருமைக்குச் சொல்லல. நம்ம ஊர் பேரே உப்பும் நல்ல தண்ணியும் கலக்கிற இடத்துல வளர்ற ஒரு மரத்தோட பேர்.

சரி, கலக்குறதுன்னா என்ன? கடல் தண்ணியில லிட்டருக்குச் சுமாரா 35 கிராம் உப்பு. ஆத்துத் தண்ணியில கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. இரண்டும் சந்திக்கிற இடத்துல எடை குறைஞ்ச நல்ல தண்ணி மேலயும், உப்புத் தண்ணி அடியிலயும் போகும். அலையும் ஏற்றவற்றமும் அதைக் கலக்கும். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில உப்பு நல்லா இறங்கிடும். மாசியில இருந்து ஏற ஆரம்பிச்சு, சித்திரை வைகாசியில உச்சத்துக்குப் போகும். இந்த ஏற்ற இறக்கமே ஒரு காலண்டர் மாதிரி. வெள்ளை இறால் கடல்ல முட்டை விடுது, குஞ்சு கழிமுகத்துக்குள்ள வந்து வளருது, பெருசாகித் திரும்பக் கடலுக்குப் போகுது. மடவை, கொடுவா, சேற்று நண்டு எல்லாத்துக்கும் இந்த இடம் வேணும். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடும்பங்கள் தண்ணிக்குள்ள உட்கார்ந்து கையாலயே தடவி இறால் பிடிப்பாங்க. அவங்க கிட்ட பெரிய படகோ ஆழ்கடல் வலையோ கிடையாது. இறால் உள்ள வரலைன்னா அவங்க அதைத் தேடி வெளியே போக முடியாது.

மரங்களும் அப்படித்தான். வெண்கண்டல் இலையை நாக்குல வச்சுப் பாருங்க, உப்புக் கரிக்கும். உறிஞ்சின உப்பை இலை வழியா வெளியே தள்ளுற மரம் அது. உப்பு கூடக் கூட தாக்குப்பிடிக்கிறது அது மட்டும்தான், மத்ததெல்லாம் பின்வாங்கும். பிச்சாவரத்துல இப்ப பெரும்பகுதி வெண்கண்டலா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். படகுல போறவங்களுக்கு எல்லாம் பச்சையாத்தான் தெரியும். ஆனா காடு மெலிஞ்சுட்டு வருது.

இங்க ஒரு கேள்வி வரும்: "வாய்க்கால் வெட்டி மீட்டெடுத்தாங்களே?" ஆமாம். பழைய காலத்துல காட்டைப் பகுதி பகுதியா மொத்தமா வெட்டினாங்க. வெட்டின இடத்துல மண் காய்ஞ்சு, நடுவுல பள்ளம் விழுந்து, கடல் தண்ணி தேங்கி, வெயில்ல ஆவியாகி, கடலை விட அதிகமா உப்பு ஏறிடுச்சு. 1990-கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவத்துல வாய்க்கால் வெட்டி, அலைத் தண்ணி வந்து போக வழி பண்ணாங்க. அருமையான வேலை. 2004 சுனாமி வந்தப்போ அந்தக் காடு எப்படி நின்னுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அலைத் தண்ணின்னா கடல் தண்ணி. வாய்க்கால் உப்பைக் கடல் அளவுக்குத்தான் இறக்கும். அதுக்கும் கீழ இறங்கணும்னா ஆறு வந்தாகணும்.

ஆறு வருதா? இங்கதான் நான் ஆச்சரியப்பட்ட விஷயம். சட்டப்படி அதுக்கு ஒரு எண் ஏற்கெனவே இருக்கு.

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்னிக்கு இறுதித் தீர்ப்பு சொல்லுச்சு. மொத்தம் 740 டிஎம்சி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கூட்டிப் பாருங்க, 726 தான் வரும். மிச்சம் 14 எங்க? 10 டிஎம்சி சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு, 4 டிஎம்சி தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போறதுக்கு. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்னிக்குத் தமிழ்நாட்டுப் பங்கை 404.25 ஆக்கினப்போ கூட இந்த 14-ல கை வைக்கல. (அந்தத் தீர்ப்புல நிலத்தடி நீர்னு இன்னொரு 10 டிஎம்சி வரும். அது வேற, இது வேற. நானே முதல்ல குழம்பினேன்.)

அந்த 4 டிஎம்சிக்கு வச்ச பேரைக் கவனிங்க. தவிர்க்க முடியாதது. அதாவது தவிர்க்க முடிஞ்சா தவிர்த்திருப்போம்னு அர்த்தம். நம்ம டிவி வரியோட கோர்ட் பாஷைதான் அது.

அந்த 10 டிஎம்சியை எங்க அளக்கிறாங்க? பிலிகுண்டுலுவில, கர்நாடக எல்லையில. மாதாந்திர அட்டவணையைப் பாருங்க, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே நாலுக்கும் தலா 2.5 டிஎம்சி. கூட்டினா சரியா 10. உச்ச நீதிமன்றம் மத்த மாசமெல்லாம் குறைச்சுது, இந்த நாலையும் அப்படியே விட்டுது. 2.5 டிஎம்சியை மாசம் முழுக்கப் பிரிச்சா விநாடிக்குச் சுமார் 960 கனஅடி. கோடையில நம்ம கழிமுகத்துக்கு உப்பு ஏறுற அதே நாலு மாசம். பேப்பர்ல பார்த்தா பிரமாதம்.

ஆனா பிலிகுண்டுலு தாண்டினா மேட்டூர். வழக்கமா ஜூன் 12-ல திறந்து ஜனவரி 28-ல பாசனத்துக்கு மூடுற அணை. அதனால பிப்ரவரியில வர்ற சுற்றுச்சூழல் தண்ணி நேரா போய் அணையில சேர்ந்துடுது. அதுக்கப்புறம் குடிநீருக்குன்னு கொஞ்சம் வெளியே வரும். முக்கொம்பு, கீழணை தாண்டி, பிலிகுண்டுலுவுல இருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல வந்து, கொள்ளிடம் முகத்துவாரத்துல இவ்வளவு இருக்கணும்னு அட்டவணையில எந்த வரியும் கிடையாது.

என் வேலையில இதைத் தினமும் பார்க்கிறோம். சர்வர் தரப்புல ரெஸ்பான்ஸ் அனுப்பியாச்சுன்னு டாஷ்போர்டு பச்சையா இருக்கும். யூசர் போன்ல வெள்ளைத் திரை. ஏன்னா அளந்தது அனுப்புற இடத்துல, கிடைக்கிற இடத்துல இல்ல.

இன்னொரு பிழையும் அதுல இருக்கு: ஆவரேஜ். 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு மேலணையில 9 மதகு அடிச்சுட்டுப் போச்சே, அந்த மாதிரி வெள்ளத்தை எடுத்துக்குங்க. விநாடிக்கு 2 லட்சம் கனஅடி ஓடினா ஒரு நாளைக்கு 17 டிஎம்சி. அதாவது வருஷக் கணக்கு 14-ம் இருபது மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். கணக்குப்படி கழிமுகத்துக்கு நிறைய கிடைச்சாச்சு. அந்த வெள்ளத்துக்கும் வேலை இருக்கு, வண்டல் கொண்டு வரும், முகத்துவாரத்து மணல் திட்டை உடைக்கும். ஆனா ஆகஸ்ட் வெள்ளத்தைச் சித்திரை மாச இறால் குஞ்சு குடிக்க முடியாது.

அப்போ சரியா எப்படி நிர்ணயிக்கிறது? உலகத்துல ரெண்டு பாணி இருக்கு. ஒண்ணு சதவீதம். நம்ம நாட்டுல 2018 அக்டோபர்ல கங்கைக்கு அறிவிச்சாங்க. மேல் பகுதியில நவம்பர் முதல் மார்ச் வரை அந்தந்த மாச சராசரி ஓட்டத்துல 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே-யில 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதம் ஆத்துல விட்டாகணும். எளிமையானது, ஆனா அது மலையில இருந்து இறங்குற ஆத்துக்குச் சொன்ன கணக்கு. கழிமுகத்துல ஓட்டத்தை விட உப்புதான் முக்கியம்.

ரெண்டாவது, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா பாணி. 1995-ல இருந்து அங்க எக்ஸ்-2-ன்னு ஒரு அளவு. அடித் தண்ணியில லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருக்கிற புள்ளி, கோல்டன் கேட் பாலத்துல இருந்து எத்தனை கிலோமீட்டர் உள்ள இருக்குன்னு பார்க்கிறாங்க. பிப்ரவரி முதல் ஜூன் வரை அந்தப் புள்ளி குறிப்பிட்ட இடங்களைத் தாண்டி உள்ள வராம இருக்க எவ்வளவு தண்ணி வேணுமோ, அவ்வளவு விடணும். முதல்ல எந்த உயிரைக் காப்பாத்தணும், அதுக்கு எந்த மாசத்துல எவ்வளவு உப்பு தாங்கும், எந்த இடத்துலன்னு முடிவு. கனஅடி கடைசியா வரும். அங்க எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. விவசாயிகளும் மீன் பக்கத்து ஆளுங்களும் இன்னும் கோர்ட்ல நிக்கிறாங்க, டெல்டா ஸ்மெல்ட்ங்கிற குட்டி மீன் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. ஆனா சண்டையாவது சரியான எண்ணை வச்சு நடக்குது.

நம்ம ஊர்ல இதைச் செய்ய ஆள் இல்லாமலா? பரங்கிப்பேட்டையில வெள்ளாத்தங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருக்கு. பல பத்தாண்டா உப்பளவு எடுக்கிறாங்க. கான்சாகிப் வாய்க்கால் கடைசியில ஒண்ணு, சின்னவாய்க்கால் முகத்துவாரத்துல ஒண்ணு, கொள்ளிடத்துல ஒண்ணுன்னு உப்பு அளக்கிற கருவி வச்சு, அதுக்கும் கீழணை மதகுக்கும் ஒரு விதி எழுதலாம். ஏப்ரல்ல உப்பு இந்த அளவைத் தாண்டினா இத்தனை கனஅடி, இத்தனை நாள்.

கீழணைன்னு சொன்னதும் கடைமடை விவசாயி கோபப்படுவார், நியாயம்தான். கீழணையை நம்பி லட்சம் ஏக்கருக்கு மேல இருக்கு. வீராணம் அங்கிருந்துதான் நிரம்புது. வீராணத்துல இருந்து சென்னைக்கு நாளைக்கு 18 கோடி லிட்டர்னு திட்டம், விநாடிக்குச் சுமார் 74 கனஅடி. நான் வேலைக்குப் போய் சென்னையில குளிக்கிறதுல எங்க ஊர் தண்ணியும் இருக்கு. அதனால விவசாயியைப் பார்த்து விட்டுக்கொடுங்கன்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல.

ஆனா இதையும் பாருங்க. கொள்ளிடத்துல ஓட்டம் இல்லாததாலதான் கடல் தண்ணி பல கிலோமீட்டர் உள்ள ஏறி, கரையோர ஊர்கள்ல போர் தண்ணி உப்பாகுது. அதைத் தடுக்க கதவணை கேட்கிறாங்க. ஆதனூர்-குமாரமங்கலத்துல ஒண்ணு வந்திருக்கு. கதவுக்கு மேல இருக்கிற கிணறு தப்பிக்கும். கதவுக்குக் கீழ இருக்கிற காட்டுக்கு இன்னொரு குழாய் மூடின மாதிரி. கதவணை கட்டும்போதே கோடையில இவ்வளவு கீழ விடணும்னு இயக்க விதியில ஒரு வரி சேர்த்தா, விவசாயியும் இறால் பிடிக்கிறவரும் ஒரே பக்கம் நிக்கலாம். கட்டி முடிச்ச பிறகு அந்த வரியைச் சேர்க்கிறது, புரொடக்‌ஷனுக்குப் போன கோடுல கை வைக்கிற மாதிரி. யாரும் தொட மாட்டாங்க.

வெள்ளாத்துக்கு இந்தப் பேப்பர் எண் கூட இல்ல. அது காவிரி வழக்குல இல்லாத ஆறு. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குக் கீழ கோடையில என்ன வருதுன்னு அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பாலத்துல நின்னு பாருங்க. நானும் மே மாசம் ஒரு உப்பு மீட்டர் வாங்கிட்டுப் போறேன், கிள்ளையில இருந்து பரங்கிப்பேட்டை வரை. அளந்ததை அடுத்த எபிசோட்ல சொல்றேன்.