நீளக் குழலும் குட்டைக் குழலும்

ராஜபாளையத்துக்குத் தெற்கே நெற்கட்டான்செவல், வாசுதேவநல்லூர் கோட்டைகளில் 1755 முதல் 1761 வரை பாளையக்காரர் பூலித்தேவனோடு மோதிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் முக்கிய ஆயுதம் மஸ்கட் துப்பாக்கி. குழல் 42 அங்குலத்துக்குக் குறையாது; உட்புறம் வழவழப்பு. வாய் முக்கால் அங்குலம், ஈயக்குண்டு அதைவிடச் சிறிது. வெடிமருந்துக் கசடு படிந்த பின்னும் குண்டு சட்டென இறங்க வேண்டுமே! அந்த இடைவெளியில் குண்டு இருபக்கமும் முட்டிக்கொண்டே வெளியேறும். கடைசியாக முட்டிய பக்கத்துக்கு எதிரே விலகிப் பாயும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிவைப்பது வீண். வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டது அதனால்தான். குறி தப்பியதற்குச் சிப்பாயைக் குறைசொல்வது நியாயமில்லை.

பின்னாளில் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்கள் குண்டைச் சுழலவைத்து நேராக்கின. கைத்துப்பாக்கியிலும் குழலின் நீளம் குறியைப் பாதிக்கும். 1915-இல் வந்த வெப்ளி ஆறாம் மார்க் ரிவால்வருக்கு 6 அங்குலக் குழல். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடுதலாக இருப்பதால் குறிபார்ப்பதில் பிழை குறையும். முன்பாரம் உதைப்பை அடக்கும். கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வருக்கு 3 அங்குலம்தான். உறையிலிருந்து உருவ எளிது, தூரக் குறிக்கு உதவாது.