காண்டாக் கம்பும் நடுவுடம்பும்

மலேசியாவின் பாடாங் செராய் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நடை மறந்திருக்காது. தோளில் காண்டாக் கம்பு. முன்னும் பின்னும் பால் நிறைந்த வாளிகள். மேடும் பள்ளமுமான நிரைகளுக்கு நடுவே கால்கள் விறுவிறுவென்று போகும். நடுவுடம்பு மட்டும் ஆடாது, பாலும் சிந்தாது.

அந்த ஆடாமைதான் நம் உடம்பின் பெரிய வித்தை. தசைகளை நீக்கிவிட்டு, எலும்பும் அதைப் பிணைக்கும் நாரும் மட்டுமே உள்ள இடுப்புப் பகுதி முதுகுத்தண்டின் மீது பாரம் ஏற்றினால், ஏறத்தாழ 9 கிலோவிலேயே அது நிலைகுலைந்து வளைந்துவிடும். 1992-இல் வெளியான ஆய்வக அளவீடு இது. உயிருள்ள மனிதரோ பல மடங்கு பாரம் சுமக்கிறார். திருவிழாப் பந்தலின் கம்பத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவதுபோல், தசைகள் தண்டைச் சுற்றி இழுத்துப் பிடிக்கின்றன. மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசை, பின்னால் தண்டை ஒட்டிய மல்டிஃபிடஸ் தசை, சுற்றிலும் பட்டை கட்டினாற்போல் குறுக்கு வயிற்றுத் தசை. இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உள்ளே விரல்களை வைத்து லேசாக இருமிப் பாருங்கள். அடியில் இறுகுவதில் இந்தத் தசைக்கும் பங்குண்டு.

இந்தத் தசை முன்யோசனைக்காரத் தசை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் மின்முனைகளைப் பொருத்தி, சிலரைக் கையை வேகமாக அசைக்கச் சொன்னார்கள். 1996-இல் முடிவு வெளியானது. நலமாக இருந்தவர்களிடம் தோள் தசைக்கு முன்பே குறுக்கு வயிற்றுத் தசை விழித்துக்கொண்டது. நெடுநாள் இடுப்புவலிக்காரர்களிடம் அது தாமதித்தது. ஆகவே நடுவுடம்புக்கு வலு மட்டும் போதாது. நேரம் தவறாமையும் வேண்டும்.

நலமான ஒருவர் இதற்கான பயிற்சியைத் தொடங்கினால், முதல் சில வாரங்களில் தசை பெருப்பதைவிட நரம்பு பழகுவதே அதிகம். தாங்கும் நேரம் கூடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஸ்டூவர்ட் மெக்கில் வலிமையைவிடத் தாங்குதிறனையே முதலில் வளர்க்கச் சொன்னார். ஒவ்வொரு நிலையிலும் பத்து வினாடி போதும், பிறகு தளர்த்தி மீண்டும் செய்யலாம் என்பது அவர் முறை.

காண்டாவின் சூட்சுமத்துக்கும் அவருடைய ஆய்வொன்று வெளிச்சம் தருகிறது. ஒரே கையில் 30 கிலோவைத் தூக்கி நடக்கும்போது இடுப்பில் விழும் அழுத்தம், இரு கைகளிலும் முப்பது முப்பதாக 60 கிலோ தூக்குவதைவிட அதிகம். ஒருபக்கச் சுமையை நிமிர்த்த மறுபக்கத் தசை இழுக்கிறது. அந்த இழுப்பும் தண்டின் மேல்தான் விழுகிறது. கம்பின் இருமுனையிலும் சுமையைச் சமன் செய்து, உடம்பின் நடுக்கோட்டுக்கு அருகே கொண்டுவந்தது அனுபவ அறிவு.

அதற்காக அந்த உழைப்பை உடற்பயிற்சி என்று புகழ்ந்துவிடக் கூடாது. பயிற்சிக்கு அளவுண்டு, ஓய்வுண்டு. விடியும் முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, அடிமரத்தில் குனிந்து வெட்டி, பிறகு வாளி சுமந்தவர்களுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. தசை தளர்ந்த பிறகும் சுமை தொடர்ந்தது. அந்தத் தலைமுறையில் பலர் இடுப்புவலியோடுதான் முதுமை கண்டார்கள்.

இன்று தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. பக்கத்திலேயே 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா. பேரப்பிள்ளைகளில் பலருக்கு இப்போது உட்கார்ந்த வேலை. பாட்டிக்குக் கிடைக்காத அளவும் ஓய்வும் இவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கையும் முழங்காலும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நேராக நீட்டுங்கள். இடுப்பு சாயாமல், மூச்சை அடக்காமல், பத்து வினாடி. பிறகு மறுபக்கம். வலி இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகு செய்யுங்கள். இல்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள்.