மனை வாங்கும் முன் தூரத்தையும் கணக்கிடுவோம்

 

நம் கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணிக்கோ திருவள்ளூருக்கோ பஸ்ஸில் போகும்போது இரு பக்கமும் பாருங்கள். பயிர் விளைந்த நிலத்தில் இன்று வண்ணக் கொடிகளும் மனைக் கற்களும் நிற்கின்றன. நம் குடும்பங்கள் பலவும் இப்படிப்பட்ட மனைகளை விசாரித்து வருகின்றன. வாங்கலாமா என்று நம் அறக்கட்டளைக்கு வந்து கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் சொல்லி வருவதையே இங்கே எழுதுகிறோம்.

சொந்த வீட்டு ஆசை நியாயமானது. கடைத்தெருவை ஒட்டிய ஒற்றை அறை வாடகை வீட்டில் ஆறு பேர் வாழும் சிரமம் நமக்குத் தெரியும். காற்று இல்லை, பிள்ளைகள் விளையாட இடமில்லை, மழை பெய்தால் சாக்கடை வாசலுக்கு வருகிறது. அதே வாடகைப் பணத்தை மாதத் தவணையாகக் கட்டினால் நமக்கென்று ஒரு மனை கிடைக்கும் என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள். ஆனால் மனையின் விலையில் எழுதப்படாத ஒரு விலை இருக்கிறது. அதுதான் தூரம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். புது வீடு கடைத்தெருவிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பள்ளிக்கூடம், வேலை, மாலையில் மதரஸா, மளிகை என்று ஒரு நாளைக்கு நான்கு முறை போய் வந்தால் 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 80 ரூபாய், மாதம் 2,400 ரூபாய். பத்து ஆண்டில் 2,88,000 ரூபாய். டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், வண்டிக் கடன் எல்லாம் தனி. மலிவாக வாங்கிய மனை இப்படித்தான் மெல்ல மெல்ல விலை ஏறுகிறது.

பணத்தைவிடப் பெரிய கேள்வி, வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பது. குடும்பத்தில் ஒரே வண்டி. அதை ஆண் வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். வீட்டில் இருக்கும் மனைவி, வயதான தாய், பிள்ளைகள் மூவருக்கும் கால்கள் மட்டுமே மிச்சம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம் வீடுகளில் பலருக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போக முடிந்தால்தான் அந்த உதவி.

எங்களிடம் மருத்துவ உதவி கேட்டு வந்த ஒரு குடும்பத்தின் நிலையும் இதுதான். நெடுஞ்சாலையை ஒட்டிய மனையில் வீடு கட்டினார்கள். பாட்டிக்குச் சர்க்கரை நோய். கடைத்தெருவில் இருந்தவரை மாத்திரை வாங்கப் பக்கத்து வீட்டுப் பையன் ஓடுவான். புது இடத்தில் சுற்றிலும் காலி மனைகள். மகன் இரவு வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு முறை மாத்திரை தவறி, காலில் புண் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீடு நல்ல வீடுதான், ஆனால் கூப்பிடும் தூரத்தில் ஆள் இல்லை.

சாலை ஆபத்தையும் மறக்க வேண்டாம். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் பத்தில் நான்கு பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு. பால் பாக்கெட் வாங்கக்கூட திருப்பதி நெடுஞ்சாலையில் ஏற வேண்டிய வீடு, அந்த ஆபத்தைத் தினமும் சந்திக்கும் வீடு.

"அப்படியானால் நெரிசலிலேயே கிடக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. நெரிசல் வேறு, அருகாமை வேறு. சென்னையைப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். ஓட்டுக் குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் வேலை செய்த வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் வெகுதூரமாகிவிட்டன. வீட்டு வேலை பார்த்த பெண்கள் பலர் வருமானத்தை இழந்தார்கள். பிள்ளைகள் பலரின் படிப்பு பாதியில் நின்றது. அங்கே நெரிசல் இருந்தது, அருகாமை இல்லை. மாறாக, திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் நெரிசலோடு அருகாமையும் இருக்கிறது. பாங்கு சத்தம் கேட்கும் தூரத்திலேயே பள்ளிக்கூடம், கடை, மருத்துவர் எல்லாம் உண்டு. வாடகை அதிகமானாலும் பலர் அங்கிருந்து நகர யோசிப்பது அதனால்தான்.

அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்று நமக்குத் தெரியும். வாகனம் பெருகினால் அந்த உறவு என்னவாகும் என்பதை அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்டு என்ற நகரமைப்பு ஆய்வாளர் 1960-களின் இறுதியில் ஆராய்ந்தார். வாகனம் குறைவாக ஓடிய தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வாகனம் நிறைந்த தெருவில் ஒருவர்கூடச் சரியாக இல்லை.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. மனையிலிருந்து பஸ் நிறுத்தம், பள்ளி, மருந்துக் கடை, பள்ளிவாசல் வரை நடந்து பாருங்கள். வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். மாலை இருட்டிய பிறகு ஒரு முறை போங்கள்.

2. ஆவடி, அம்பத்தூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், திருவாலங்காடு அல்லது திருத்தணி ரயில் நிலையம் வரை ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

3. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அனுமதியின்றிப் பிரித்த மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் பொருந்தாது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம்.

4. வரைபடத்தில் உள்ள பூங்காவும் சாலையும் நிலத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

5. ஊருக்குள் இருக்கும் பூர்வீக வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்ப முடியுமா என்று முதலில் யோசியுங்கள். அண்ணன் தம்பிகள் சேர்ந்து கட்டினால் செலவும் குறையும். அப்படி முடியாவிட்டால் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து அருகருகே மனை வாங்குங்கள்; தனியாகப் போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

ஊருக்குள் இருப்பவர்களுக்கும் கடமை உண்டு. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை பற்றி ஊராட்சியில் மனு கொடுப்பதும், கிராம சபையில் எழுந்து கேட்பதும் நம் பொறுப்பே. ஊர் வாழத் தகுந்ததாக இருந்தால் யாரும் நெடுஞ்சாலை ஓரம் தேடிப் போக மாட்டார்கள்.

மனைப் பத்திரங்களைப் படித்துப் பார்க்க உதவி தேவைப்பட்டால் அலுவலகத்துக்கு வாருங்கள். முன்பணம் கொடுத்த பிறகு வராமல், அதற்கு முன்பே வாருங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நிம்மதியான வீட்டையும் நல்ல அண்டை வீட்டாரையும் தருவானாக. ஆமீன்.