விண்டோஸ் 7-இல் நின்ற பிரவுசர்

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸ் 7 இருந்தது. அப்படி ஒன்றை இன்று தூசி தட்டி குரோம் பிரவுசரைத் திறந்தால், இனி அப்டேட் வர விண்டோஸ் 10 வேண்டும் என்று மேலே ஒரு பட்டை நீளும். பதிப்பு எண் 109-ஐத் தாண்டாது. 2023 பிப்ரவரியில் 110 வந்தபோது கூகுள் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. கீபோர்டும் திரையும் நன்றாகவே இருக்கலாம். பிரவுசருக்குத்தான் ஆயுள் முடிந்துவிட்டது.

பாடம் படிக்கத்தானே, பழையதே போதும் என்று தோன்றும். போதாது. குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வந்ததும், எந்த வரி மாறியது என்று பார்த்தே ஓட்டை இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட முடியும். அதே ஓட்டை 109-இலும் இருந்தால், அது அடைபடாமல் அப்படியே கிடக்கும். வங்கிக் கடவுச்சொல்லை நாம் தட்டுவதும் அதே பிரவுசரில்தான். சரி, பழையதிலும் அடைத்துத் தந்தால் என்ன? தரலாம். ஆனால் ஒவ்வொரு திருத்தத்தையும் பழைய நிரலுக்கு ஏற்ப மறுபடி எழுதி, பழைய விண்டோஸில் மறுபடி சோதிக்க வேண்டும். மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியில் பொதுமக்களுக்கும், 2023 ஜனவரியில் காசு கட்டிய நிறுவனங்களுக்கும் விண்டோஸ் 7 திருத்தங்களை நிறுத்திவிட்டது. அஸ்திவாரம் ஆடும் வீட்டுக்குக் கதவை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இந்தச் செலவு உண்மைதான். ஆனாலும் கெடு ஒன்றும் கல்வெட்டு அல்ல. கூகுள் முதலில் சொன்னது 2021 ஜூலை. கொரோனாக் காலத்தில் நிறுவனங்கள் தடுமாறவே அது 2022 ஆனது, பிறகு 2023 ஆனது. மொசில்லா, ஃபயர்ஃபாக்ஸ் 115-இன் நீண்டகாலப் பதிப்பை விண்டோஸ் 7-க்கு 2024 செப்டம்பர் வரை என்று ஆரம்பித்து, பயன்படுத்துவோர் இன்னும் இருப்பதால் திரும்பத் திரும்ப நீட்டித்தது. தலையை எண்ணித்தான் கெடு வைக்கிறார்கள் என்றால், லட்சக்கணக்கில் வாங்கும் அரசின் சொல்லுக்கு அங்கே எடை உண்டு. அரசுக்கு வேறு வழியும் இருக்கிறது. அந்த லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் இருந்தது. அதை உருவாக்கியது, 2005-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம். அதை நடத்தியவை, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் தாம்பரத்தை ஒட்டிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும். லினக்ஸில் புதிய பதிப்புக்கு மாற உரிமக் கட்டணம் கிடையாது. 64 பிட் செயலி இருந்தால் பழைய கணினியிலும் இன்றைய ஃபயர்ஃபாக்ஸ், மெதுவாகவேனும், ஓடும். 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அரசு அறிவித்தது. ரேம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்று கேட்கும் டெண்டரில், எந்த ஆண்டு வரை அப்டேட் வரும் என்றும் கேட்டாக வேண்டும்.