பரணில் தப்பிய சிடி

2015 டிசம்பரில் அடையாறு அனகாபுத்தூருக்குள் புகுந்தபோது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மூழ்கிவிட்டது. பரணில் கிடந்த ஒரு சிடி தப்பியது. ஒருகாலத்தில் இங்கிருந்து நைஜீரியாவுக்குப் போன மெட்ராஸ் கைக்குட்டைத் துணியைப் பற்றி, தறியில் உட்கார்ந்த அப்பா எழுதிய நாற்பது பக்கம் அதில் இருந்தது. 2000 வாக்கில் டிடிபி சென்டரில் கொடுத்து அடித்தது. திறந்தால் ஒரு சொல்கூடத் தமிழில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் டாலர் குறியுமாக இறைந்து கிடந்தன.

கோப்பு கெட்டுப்போகவில்லை. ஒரு பைட்கூடச் சிதையவில்லை. அதனால்தான் மனம் ஆறவில்லை.

கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று சொல்வது எழுத்துரு. அப்போது ஒரு குறிக்கு ஒரு பைட், மொத்தம் 256 இடங்கள். அவற்றில் தமிழை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி உட்காரவைத்தது. பாமினி எழுத்துருவில் 'அ' இருப்பது ஆங்கில எம் இருக்கும் இடத்தில். 'ம' கே-யின் இடத்தில். புள்ளி, அரைப்புள்ளியின் இடத்தில். கால், எச்சின் இடத்தில். அதில் அடித்த 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும்.

அந்நாளைய மென்பொருள்கள் பல டாங்கிளோடு வரும். கம்ப்யூட்டரின் பின்புறம் செருகும் சிறு பூட்டு அது; கழற்றினால் வேலை நின்றுவிடும். எழுதியவர் நாம், எழுத்தின் அட்டவணையோ விற்றவரிடம். அவர் கடையை மூடினால் நம் சொற்களும் உள்ளேயே அடைபட்டுவிடும். இது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு, டாம், டாப் என்ற பொது அட்டவணைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு, எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொது அட்டவணையான யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் 'அ'வின் எண் 2949. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் அதேதான். 'கொ'வைப் பாருங்கள்: பழைய எழுத்துருக்களில் கொம்பு, க, கால் என மூன்று துண்டுகள், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே. யூனிகோடில் 2965, 3018 என்ற இரண்டே எண்கள். முதலில் 'க', அடுத்து ஒகரக்குறி, நாம் உச்சரிக்கும் வரிசையில். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது திரையில் வரையும்போது நடக்கும் வேலை. ஒலி ஒரு பக்கம், வடிவம் ஒரு பக்கம் என்று பிரிந்ததும் எழுத்து விற்றவரின் பிடியிலிருந்து வெளியே வந்தது.

புழக்கத்தில் இருந்த பழைய எழுத்துருக்களுக்கு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்பாவின் எழுத்துருவுக்கு எதுவும் பொருந்தவில்லை. நல்லவேளையாக அச்சடித்த பக்கம் ஒன்று அலமாரியில் இருந்தது. அதையும் திரையையும் பக்கத்தில் வைத்து, குறிக்குக் குறி ஒப்பிட்டேன். முதலில் 'பாவு' பிடிபட்டது, பிறகு 'ஊடை'. அச்சுப் பக்கத்தில் வராத எழுத்துகளை மட்டும் ஊகிக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் 'நை' தெரிந்தது, 'ரியா' தெரிந்தது. நடுவே ஒரு டாலர் குறி.

அதுதான் 'ஜீ'.