ஒரு வரியின் விலை: பல நிரல்மொழிகளில் பிழை தேடும் கருவிகள்

2014 பெப்ரவரி 21ஆம் திகதி அப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. பாதுகாப்பான இணையத் தொடர்பைச் சரிபார்க்கும் நிரலில் ‘கோட்டூ ஃபெயில்’ என்ற வரி தவறுதலாக அடுத்தடுத்து இரு தடவை எழுதப்பட்டிருந்தது. முதல் வரி, பிழை இருந்தால் மட்டும் வெளியேறச் சொன்னது. இரண்டாவது வரியோ எந்த நிபந்தனையுமின்றி எப்போதும் வெளியேறச் சொன்னது. அதனால் கீழே இருந்த கையொப்பச் சரிபார்ப்பு நடைபெறவே இல்லை. ஆனாலும் ‘எல்லாம் சரி’ என்ற பதிலே கிடைத்தது. அதே வலையமைப்பில் இடைநடுவில் இருக்கும் ஒருவர், வங்கியின் தளம்போல நடித்துத் தகவல்களைப் படிக்கக்கூடிய நிலை உருவானது. 2012 செப்டெம்பரில் ஐ.ஓ.எஸ் 6 வெளிவந்ததிலிருந்தே இந்த ஓட்டை இருந்தது.

வங்கிக் கணக்கு, வெளிநாட்டு உறவுகளுடனான உரையாடல், காணாமற்போனவர் பற்றிய ஆவணப் படங்கள் என எல்லாவற்றையும் கைத்தொலைபேசியிலேயே வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது எங்கோ நடந்த செய்தி என்று விட்டுவிடக்கூடியதல்ல.

இயக்காமலே வாசித்தல்

இத்தகைய பிழைகளைத் தேடவே ‘நிலைநிலைப் பகுப்பாய்வி’ எனும் கருவிகள் உள்ளன. இவை நிரலை இயக்கிப் பார்ப்பதில்லை, வாசித்தே ஆராய்கின்றன. 1978இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் சி மொழிக்காக உருவாக்கிய ‘லின்ட்’ இவற்றின் முன்னோடி.

முதலில் கருவி, ஒரு வசனத்தை எழுவாய், பயனிலை எனப் பிரிப்பதுபோல நிரலைப் பிரித்து ஒரு மரவடிவில் அடுக்குகிறது. பின்னர் எந்த வரியிலிருந்து எந்த வரிக்குச் செல்லலாம் என வழிப்படம் வரைகிறது. அப்பிளின் நிரலுக்கு அப்படம் வரையப்பட்டால், இரண்டாவது வரிக்குக் கீழுள்ள சரிபார்ப்புக்குச் செல்ல வழியே இல்லை என்பது தெரிந்துவிடும். அடுத்து, ஒரு தரவு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதையும் கருவி பின்தொடர்கிறது.

பல மொழிகள், ஒரே கருவி

ஐந்து நிரல்மொழிகளுக்கு இருபது சோதனைகளைத் தனித்தனியே எழுதினால் நூறு சோதனைகள் எழுத வேண்டும். மாறாக, ஐந்து மொழிகளையும் ஒரு பொது இடைமொழிக்கு மாற்றினால் ஐந்து மாற்றிகளும் இருபது சோதனைகளும் போதும். 2013இல் பேஸ்புக் வாங்கிய மொனோய்டிக்ஸ் நிறுவனத்தின் ‘இன்ஃபர்’ கருவி இவ்வழியில் செல்கிறது. சி, ஒப்ஜெக்டிவ்-சி, ஜாவா ஆகியவற்றை ‘சில்’ எனும் இடைமொழிக்கு மாற்றியே அது ஆராய்கிறது. ஒவ்வொரு செயற்கூறுக்கும் ஒரு சுருக்கத்தை எழுதிவைப்பதால், நிரல் மாறும்போது முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டியதில்லை.

சிக்கல் மாற்றத்திலேயே இருக்கிறது. சி மொழியில் நினைவகத்தை எழுதுபவரே விடுவிக்க வேண்டும். ஜாவாவில் அது தானாக நடக்கும். பைதனில் ஒரு மாறியில் எண் இருக்கிறதா, சொல் இருக்கிறதா என்பது பெரும்பாலும் இயங்கும்போதே தெரியவரும். இந்த வேறுபாடுகள் இடைமொழியில் தொலைந்தால் தீர்ப்பும் பிழைக்கும். மொழிமாற்றத்தில் ஒரு சொல் தவறினால் என்னவாகும் என்பதை, புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லை எங்கே?

எந்தக் கருவியும் எல்லாப் பிழைகளையும் தவறின்றிக் கண்டுபிடிக்க முடியாது. இது கணிதரீதியாக நிறுவப்பட்ட உண்மை. எச்சரிக்கை மிகுந்தால் வேலை செய்பவர் சலித்துக் கவனிக்காமல் விடுவார். குறைந்தால் பிழை தப்பிவிடும். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டையைப் புழக்கத்திலிருந்த கருவிகள் முன்கூட்டியே பிடிக்கவில்லை. அதன் பின்னரே கவரிட்டி நிறுவனத்தார், வலையமைப்பிலிருந்து வரும் எண்களை நம்பத்தகாதவையாகக் கருதிப் பின்தொடரும் புதிய சோதனையைச் சேர்த்தனர். ஒவ்வொரு தவறும் அடுத்த சோதனைக்குப் பாடமாகிறது.

‘இன்ஃபர்’ கருவியின் மூலநிரல் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கணினி படிக்கும் நம் மாணவர்கள் அதைத் திறந்து பார்க்கலாம், தங்கள் நிரலிலேயே சோதிக்கலாம். மற்றவர்கள் செய்யக்கூடியது எளிது: தொலைபேசியில் பாதுகாப்புத் திருத்தம் வந்திருப்பதாக அறிவிப்பு வந்தால் நாட்கடத்த வேண்டாம். பிழையை யாரோ கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். அந்தத் திருத்தம் உங்கள் கைக்கு வந்தால்தான் ஓட்டை அடைபடும்.